பல வருட இடைவெளிக்குப் பிறகு கல்லூரி: முதல் ஒப்படைப்பை எழுதுவது எப்படி?

பிளஸ் டூ முடித்ததும் கல்யாணமாகிப் போனவர்கள், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இரண்டாம் வருடத்தில் கல்லூரியை விட்டவர்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்ன பிறகு படிக்க வந்தவர்கள் என்று முப்பது, நாற்பது வயதைத் தாண்டிய மாணவர்கள் இப்போது நிறையப் பேர். இவர்களுக்குச் சேர்க்கை பெரிய சிக்கலாக இருப்பதில்லை. விண்ணப்பத்தை எப்படியோ யாரையாவது கேட்டுப் போட்டுவிடுகிறார்கள். பாடப் புத்தகம் கைக்கு வந்து, முதல் ஒப்படைப்பின், அதாவது அசைன்மென்ட்டின், வினாத்தாளைத் திறக்கும்போதுதான் கை நின்றுவிடுகிறது. "விமர்சன நோக்கில் ஆராய்க" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று பள்ளியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் தொலைநிலைக் கல்வியில் சேர்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மாலைக் கல்லூரியிலோ வழக்கமான கல்லூரியிலோ சேர்ந்தாலும் எழுதும் முறை இதேதான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கல்லூரியில் கேட்கும் எழுத்துக்கு அழகான நடை தேவையில்லை. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது, அதை ஏன் ஏற்கலாம், எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று காட்டத் தெரிந்தால் போதும். குடும்பக் கணக்கு எழுதி, அலுவலகக் கோப்பு பார்த்து, நாலு பேரிடம் நியாயம் பேசிப் பழகியவர்களுக்கு இது இருபது வயதுப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் எதையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் திருத்த முடியாத தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்பு, சேரும் ஆண்டு, இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அப்படி அங்கீகாரம் பெற்ற படிப்பில் வாங்கும் பட்டம் நேரடிக் கல்லூரியில் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. சேரும்போது டெப் ஐடி என்ற எண் கேட்பார்கள்; அது அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் அடையாள எண். அதை நீங்களே இணையத்தில் எடுக்கலாம், கட்டணம் கிடையாது. ஆதாரில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்த பெண்களுக்கு இதில்தான் அலைச்சல்.

இன்னொன்று, அரசு வேலை எண்ணம் உள்ளவர்களுக்கு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாடு அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் செல்லும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டத்தை ஏற்பதில்லை என்று 2009இல் அரசாணையே வந்தது. பிளஸ் டூ இல்லையென்றால் தனித்தேர்வராக எழுதி அதை முதலில் முடியுங்கள். பழைய கல்லூரியில் ஒன்றிரண்டு அரியர் மட்டும் பாக்கி வைத்து விட்டவர்கள், புதிதாகச் சேருவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத் தேர்வுத் துறையில் விசாரியுங்கள். பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு தருவது உண்டு.

தமிழ் வழியில் படிக்க விரும்புபவர்களுக்கு 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் தலைமையகம். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது இக்னோவுக்கு, சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. அங்கே பெரும்பாலான படிப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

ஒப்படைப்பை ஏன் ஒதுக்கக் கூடாது

இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடு. இந்த 30 மட்டுமே காரணம் இல்லை. தேர்வு அறையில் புத்தகம் கிடையாது, நேரம் கிடையாது, திருத்தி எழுத வழி கிடையாது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாக யோசித்து, அடித்துத் திருத்தி எழுத உங்களுக்குக் கிடைக்கிற ஒரே இடம் ஒப்படைப்புதான். அதில் எழுதிப் பழகாதவர் தேர்வில் எழுத முடியாது.

அதனால் கேட்கிறேன், விடை எழுதித் தருகிறோம் என்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். ஜெராக்ஸ் கடையிலும் வாட்ஸப் குழுவிலும் அவை தாராளமாகக் கிடைக்கும். ஒரே விடையை ஒரே மையத்தில் இருபது பேர் கொடுத்திருப்பதைத் திருத்துபவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்டுபிடிக்காமல் போனாலும், படிக்கவென்று இத்தனை வருடம் கழித்து வந்துவிட்டு, படிப்பின் நடு இடத்தையே காசு கொடுத்துத் தாண்டிப் போவதில் உங்களுக்கு என்ன மிஞ்சும்?

வினாத்தாளை இறக்கும்போது எந்தப் பருவத்துக்குரியது என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வினா மாறும். பழைய சுற்றின் வினாவுக்கு எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். கடைசித் தேதியைத் தள்ளி வைப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

முதல் படி: வினாவின் கடைசிச் சொல்

வினாவைப் படித்ததும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். வினாவை உங்கள் கையால் ஒரு தாளில் எழுதி, கடைசிச் சொல்லின் கீழே கோடு போடுங்கள். என்ன வேலை செய்யச் சொல்கிறார்கள் என்பது அந்தச் சொல்லில் இருக்கிறது.

"விவரிக்க" என்றால் உள்ளதை உள்ளபடி, ஒரு வரிசையில் சொன்னால் போதும். "விளக்குக" என்றால் காரணமும் வேண்டும். எப்படி, எதனால் என்ற இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும். "ஒப்பிடுக" என்பதில் பலர் முதல் பொருளைப் பற்றி இரண்டு பக்கம், இரண்டாவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி முடித்துவிடுகிறார்கள். அது ஒப்பீடு ஆகாது. இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை முதலில் எடுத்து, அந்த அளவுகோலில் இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துப் பார்க்க வேண்டும். "மதிப்பிடுக", "ஆராய்க", "திறனாய்க" என்று வந்தால் உங்கள் முடிவைக் கேட்கிறார்கள். எல்லாத் தரப்பையும் சொல்லிவிட்டு "இவ்வாறு பல கருத்துகள் நிலவுகின்றன" என்று முடித்தால் பாதி மதிப்பெண் அங்கேயே போகும். "விவாதிக்க" என்றால் உங்கள் முடிவுக்கு எதிரானவர் என்ன சொல்வார் என்பதையும் எழுதி, அதற்குப் பதிலும் எழுத வேண்டும்.

கோடு போட்ட பிறகு வினாவின் எல்லையைப் பாருங்கள். எந்தக் காலம், எந்த இடம், யாரைப் பற்றி? "விடுதலைக்குப் பின்" என்று இருந்தால் 1947க்கு முன் நடந்தவற்றுக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்கக் கூடாது. தெரிந்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவது பெரியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். தெரிந்தது நிறைய அல்லவா.

இரண்டாம் படி: பள்ளிக் கட்டுரையை விட்டு வெளியே வருவது

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நம் எல்லோருக்கும் பள்ளியில் ஓர் அச்சு கொடுத்திருக்கிறார்கள்: முன்னுரை, உள்தலைப்புகள், ஒரு குறள், முடிவுரை. பதினைந்து வயதில் அது உதவியது. கல்லூரியில் அதே அச்சு நம்மைக் கட்டிப் போடுகிறது.

"தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு வளர்ச்சியை மதிப்பிடுக" என்று ஒரு வினா. பள்ளிப் பழக்கத்தில் எழுதினால் இப்படி வரும்:

"பெண்கள் நாட்டின் கண்கள். பெண் கல்வி கற்றால் குடும்பமே கற்றதுபோல. முற்காலத்தில் பெண்கள் அடுப்பங்கரையில் முடங்கிக் கிடந்தனர். இன்று அவர்கள் விண்ணையும் தொட்டுவிட்டனர். அனைத்துத் துறைகளிலும் பெண்கள் சாதனை படைத்து வருவது கண்கூடு."

இதில் தவறான வாக்கியம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் எந்த வாக்கியத்தையும் சரியா என்று போய்ப் பார்க்கவும் முடியாது. எந்தக் காலம், எத்தனை பேர், யார் சொன்னது என்று ஒன்றுமே இல்லை. இப்போது அதே வினாவுக்கு இன்னொரு விடை:

"2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டில் ஆண், பெண் எழுத்தறிவு இடைவெளி குறைந்தது, ஆனால் மறையவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெண்களின் எழுத்தறிவு 64.43 விழுக்காட்டிலிருந்து 73.44ஆக உயர்ந்தது. ஆண்களுடையது 82.42இலிருந்து 86.77ஆனது. பெண்களின் உயர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் இடைவெளி சுமார் 18 புள்ளியிலிருந்து 13க்கு இறங்கியது. எனினும் கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் ஏதேனும் ஒரு மொழியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிவதை மட்டுமே குறிக்கிறது. எனவே இந்த உயர்வைக் கொண்டு பெண்கள் பள்ளிப் படிப்பை முடித்தார்கள் என்ற முடிவுக்கு வர முடியாது."

இரண்டாவது பத்தியில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் வேலை செய்கிறது. முதல் வாக்கியத்தில் எழுதியவரின் முடிவு இருக்கிறது. அடுத்து அதற்கான எண்கள், எண்கள் எங்கிருந்து வந்தன என்பது, அவற்றிலிருந்து முடிவுக்கு எப்படி வந்தார் என்பது. கடைசியில் அந்தச் சான்றால் எதைச் சொல்ல முடியாது என்பதும் இருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியம்தான் திருத்துபவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இந்த ஒரு பத்தியை எழுதத் தெரிந்துவிட்டால் ஒப்படைப்பு எழுதத் தெரிந்துவிட்டது. ஆயிரம் சொல் கட்டுரை என்பது இப்படி ஐந்தாறு பத்திகள், அவ்வளவுதான். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். வினாவுக்கான சுருக்கமான பதில் அதிலேயே கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பத்திகளின் வரிசையில்தான் சிக்கல், சொற்களில் இல்லை.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். உங்கள் முடிவு என்ன என்று உங்களுக்கே தெரிந்த பிறகு எழுதினால் நாலு வரியில் முடியும்: வினா எதைக் கேட்கிறது, உங்கள் பதில் என்ன, எதைக் கொண்டு காட்டப் போகிறீர்கள். "உலகம் தோன்றிய காலம் முதல்" என்று தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாம் படி: படிப்பதும் குறிப்பெடுப்பதும்

பாடப் புத்தகத்தை மட்டும் வைத்து எழுதினால் தேறிவிடலாம். நன்றாக எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு வினாவுக்கும் வெளியிலிருந்து ஒன்றோ இரண்டோ நூல், கட்டுரை வேண்டும். பத்து வேண்டாம்.

எங்கே தேடுவது? உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் தொடங்குங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாம் உட்கார்ந்து படிக்க நல்ல இடங்கள். வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கு நூலக மேசையே படிக்கும் அறை. இணையத்தில் இக்னோவின் பாடங்கள் இ-ஞான்கோஷ் (eGyanKosh) தளத்தில் இலவசமாக இருக்கின்றன. வேறு பல்கலைக்கழக மாணவர்களும் அவற்றைப் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் உண்டு, தமிழில் எழுதியவையும் நிறைய. ஓர் ஆய்வேட்டில் இரண்டாம் இயல் பெரும்பாலும் அதுவரை வந்த ஆய்வுகளைப் பற்றியதாக இருக்கும். உங்கள் தலைப்பில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரே மாலையில் தெரிந்துகொள்ள அதைப் போல வழி இல்லை. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஆங்கிலக் கட்டுரைகளுக்குக் கூகுள் ஸ்காலர்.

குறிப்பெடுக்க ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் நூல் சொல்வது, வலது பக்கத்தில் நீங்கள் நினைப்பது. இடது பக்கத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண்ணை அப்போதே போட வேண்டும். நூலின் சொற்களை அப்படியே எடுத்தால் அந்த இடத்திலேயே மேற்கோள் குறியும் போட வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போது எது உங்கள் வாக்கியம், எது ஆசிரியர் வாக்கியம் என்று உங்களுக்கே தெரியாது. பலர் திருட வேண்டும் என்று நினைக்காமலே திருட்டுக் குற்றச்சாட்டில் மாட்டுவது இப்படித்தான்.

சொந்த நடையில் எழுதுவதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி: ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். படித்ததை வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்களே, அதை எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து செய்தி மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். ஆசிரியரின் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் அது உங்கள் எழுத்தாகாது.

நான்காம் படி: உங்கள் அனுபவத்துக்கு இடம் எங்கே

பெரியவர்களாகப் படிக்க வருபவர்களிடம் இளையவர்களிடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. அதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

ஊரக வளர்ச்சி படிக்கும் ஒருவர் பல வருடம் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய குழுத் திட்டம்தான் பின்னால் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பாடத்தில் அதைப் படிக்கும்போது அவருக்கு ஆயிரம் ஞாபகம் வரும். "எங்கள் குழுவில் எல்லோரும் கடனை ஒழுங்காகக் கட்டினோம், ஆகவே திட்டம் வெற்றி" என்று எழுதினால் அது ஒரு குழுவின் கதை. அதைக் கொண்டு மாநிலத்தைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஆனால் அதே அனுபவத்திலிருந்து அவர் ஒரு கேள்வி எழுப்பலாம்: குழுக் கடன் பெண்ணின் பெயரில் இருந்தாலும் பணம் வீட்டில் யார் கையில் போகிறது? தவணை கட்ட வேறெங்காவது கடன் வாங்குகிறார்களா? உள்ளே இருந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, இதைப் பற்றி யார் ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று தேடிப் போக வேண்டும்.

அனுபவம் கேள்வியைக் கொடுக்கட்டும், சான்று வெளியிலிருந்து வரட்டும். செவிலியராக இருப்பவர், நிலம் பார்ப்பவர், கடை நடத்துபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். முதுகலையில் செயல்திட்ட அறிக்கை எழுதும்போது, அனுமதி வாங்கி, முறைப்படி நேர்காணல் எடுத்து, உங்கள் ஊரையே சான்றாக மாற்றவும் வழி உண்டு. அந்த நாளுக்காக இப்போதே கேள்விகளைக் குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: யார் சொன்னது என்று எழுதுவது

மேலே கொடுத்த எழுத்தறிவு எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 80.33 என்று ஓரிடத்திலும் 80.09 என்று இன்னோரிடத்திலும் பார்ப்பீர்கள். இரண்டும் அரசு எண்தான். முன்னது முதலில் வந்த தற்காலிகக் கணக்கு, பின்னது இறுதிக் கணக்கு. எந்த வெளியீட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் திருத்துபவர் உங்கள் எண்ணைத் தப்பு என்று நினைப்பார். மூலத்தைக் காட்டச் சொல்வது சடங்குக்காக இல்லை, இதற்காகத்தான்.

மேற்கோள் காட்ட ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிகாகோ என்று பல முறைகள் இருக்கின்றன. சமூக அறிவியலில், கல்வியியலில் ஏ.பி.ஏ. அதிகம், இலக்கியத்தில் எம்.எல்.ஏ. உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று கையேட்டில் பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒரு முறையைத் தேர்ந்து, கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் கேட்பது ஐந்து செய்திகள்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், பக்கம்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் வரும் முதலெழுத்து பெரும்பாலும் அப்பா பெயருடையது. அதனால் கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலில் பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளி வைத்து, முதலெழுத்தைப் பின்னால் போட வேண்டும். இந்தப் பட்டியலைத் தயாரிக்க உதவும் சொடேரோ (Zotero) என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தினால் கடைசிப் பெயர் கட்டத்தில் பெயரையும், முதல் பெயர் கட்டத்தில் முதலெழுத்தையும் இடுங்கள். அகர வரிசை சரியாக வந்திருக்கிறதா என்று கடைசியில் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

கருத்துத் திருட்டைப் பற்றி மானியக் குழு 2018இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிற எழுத்துடன் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இளங்கலை ஒப்படைப்பில் யாரும் மென்பொருள் போட்டுப் பார்க்காமல் இருக்கலாம். பழக்கம் இப்போதே வர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் புரியாத பகுதியை விளக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டுரையை எழுதித் தரச் சொல்லாதீர்கள். மூலம் கேட்டால் இல்லாத நூலை இருப்பதுபோலத் தலைப்பு, ஆண்டோடு சொல்லிவிடும். அது சொல்லும் எந்த நூலையும் நீங்கள் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்களுக்கு

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் முதுகலை சேர்ந்தவர்கள் மொழியை நினைத்தே பயப்படுகிறார்கள். முதலில் உங்கள் வாதத்தைத் தமிழில் ஐந்து வாக்கியமாக எழுதுங்கள். தமிழிலேயே அது தெளிவாக இல்லை என்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. தெளிவான பிறகு ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம். பாடத்துக்கே உரிய கலைச்சொற்களை மட்டும் தனி நோட்டில் பொருளோடு எழுதிப் பழகுங்கள்; ஒரு பாடத்துக்கு நாற்பது, ஐம்பது சொற்கள் தேறும். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஆங்கிலத்தில் ஆய்வெழுத்து கற்றுத் தரும் பாடங்கள் இலவசமாக உண்டு.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் பழைய எழுத்துருக்களை விட்டு ஒருங்குறியில் (யூனிகோட்) அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை சில வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

நேரமும் கையும்

ஒரு ஒப்படைப்பை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். அந்த ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள். வேலையைத் துண்டாக்குங்கள்: ஒரு நாள் வினாவைப் பிரிப்பது, இரண்டு மூன்று நாள் படிப்பது, ஒரு நாள் பத்திகளின் முதல் வாக்கியங்களை எழுதுவது, அடுத்த வாரம் முழுவதும் தினம் ஒரு பத்தி. குழந்தைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் ஒரு பத்தி எழுத முடியும். முடிந்ததும் இரண்டு நாள் தொடாமல் வைத்து, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

கடைசிப் பிரதியைக் கையால் எழுதுவது நல்லது. இக்னோவில் ஒப்படைப்பைக் கையெழுத்திலேயே கேட்கிறார்கள். முகப்பில் பதிவு எண், பெயர், பாடக் குறியீடு, மைய எண் எல்லாம் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் முழுவதையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இணையத்தில் ஏற்றினால் உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள். ஒப்படைப்பு மதிப்பெண் பதிவாகாமல் போவது நடக்கிற விஷயம், கையில் சான்று இருந்தால் கேட்கலாம்.

பல வருடமாகக் கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிய கைக்கு மூன்று மணி நேரத் தேர்வு நிஜமாகவே வலிக்கும். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து தினம் அரை மணி நேரம் கடிகாரத்தை வைத்து எழுதுங்கள். பழைய வினாத்தாள்கள் பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும்.

திருத்திய ஒப்படைப்பு மையத்துக்கு வந்ததும் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பலர் வாங்குவதே இல்லை. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருப்பதை நோட்டில் எழுதி, இரண்டு தாளில் ஒரே குறிப்பு வந்திருந்தால் அதைச் சுற்றிக் கோடு போடுங்கள். தொடர்பு வகுப்புக்குப் போகும்போது அந்த ஒரு குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம், "சார், இந்த இடத்தில் எப்படி எழுதியிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். குறிப்பிட்ட வரியைக் காட்டிக் கேட்கும் மாணவருக்குச் சொல்லித்தர மறுக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அடுத்த ஒப்படைப்பைத் தொடங்கும்போது வினாவை எழுதிய தாளின் மேல்பக்கத்தில் அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.